டெஸ்ட் கால்

பாகாயம் தாண்டி,
மலைக்கு முதுகைக் காட்டி நிற்கிற மூன்று மாடிக் கட்டடம்.
என் அறை ஏழு.
கட்டிலின் தலைமாட்டில் ஒரு சிவப்புப் பொத்தான்.
"எது வேணும்னாலும் அமுக்குங்கம்மா" என்றாள்,
நான் சேர்ந்த அன்றைக்கு, மேனேஜர் செந்தாமரை.
அமுக்கவில்லை.
முப்பத்துநாலு வருஷம் கம்பியின்
அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான்.

வேலூர் எக்ஸ்சேஞ்ச். காதில் ஹெட்செட்,
எதிரே பலகை நிறையத் துளைகள்.
ராணிப்பேட்டைத் தோல் முதலாளிகள்
மெட்ராசுக்கு லைட்னிங் கால் கேட்பார்கள்.
எட்டு மடங்கு காசு, எட்டு மடங்கு அவசரம்.
ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வருபவை பலதும்
ஆர்டினரியாகத்தான் புக் ஆகும்.
அவசரம் அதற்குள் முடிந்துபோயிருக்கும்.
மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே போய்
"எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?" என்பேன்,
அழுகிற குரலிடமும்.

இங்கே காலை ஆறுக்கு பிரஷர் பார்ப்பார்கள்.
ஆறரைக்குக் கேழ்வரகுக் கஞ்சி;
என்னுடையதில் உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை.
குளிப்பாட்ட ஆள் வேண்டுமென்றால் தனிக் கட்டணம்.
முதுகு மட்டும் என்றால் பேசிக் குறைக்கலாம்.
குறைத்தேன். பென்ஷன் என்னுடையது, முதுகும்தான்.
சனிக்கிழமை கண் டாக்டர் வருவதாக
போர்டில் எழுதியிருக்கிறது.
நன்றாகத் தெரிகிறது எழுத்து.

மணிப் பலகை நர்ஸ் மேசைமேல்.
கதவை ஒருக்களித்து வைத்தால் எனக்கும் கேட்கும்.
நீளமாக ஒன்று என்றால்
மூன்றாம் அறை உண்ணாமலை, பாத்ரூமுக்கு.
குட்டி குட்டியாய் ஐந்தாறு என்றால்
ஜபருல்லா சாரின் ரிமோட் தலையணைக்கு அடியில் போய்விட்டது.
தொட்டதும் விட்டுவிடுகிற மணி பன்னிரண்டு,
வசந்தகோகிலம், கூப்பிட வெட்கம்.
அங்கேதான் முதலில் ஓடணும் என்று
நைட் டியூட்டி அமுலுவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன கத்திரி வெயிலில் ஒரு ராத்திரி, இரண்டே முக்கால்.
அமுலு மூன்றாம் அறையில்,
உண்ணாமலையின் முழு எடையும் அவள் தோளில்.
பலகை அடிக்கிறது. ஒன்பது. விடாமல் ஒன்பது.
வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்
மேசையிலிருந்த ரிசீவரை எடுத்தேன்.
"நம்பர் ப்ளீஸ்."
வாய் தானாகச் சொல்லிவிட்டது.
அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம்.
பிறகு ஞானஒளிவு, பழைய தோல் கெமிஸ்ட்:
"மோட்டார் ஓடுதும்மா. டேங்க் வழியுது.
முக்கால் மணி நேரமா கேட்டுக்கினே படுத்திருக்கேன்.
எனக்குக் கால் வராது."

பின்கதவைத் திறந்தேன். சுவர் நெடுக
இறங்கிக்கொண்டிருந்தது, லாரிக்குக் காசு கொடுத்த தண்ணீர்.
பாலாற்று மணலைத் தோண்டித் தோண்டிக் குடித்த ஊர்.
அணைத்தேன். நைட்டி முழங்கால் வரை ஈரம்.
அந்த வெக்கையில் அது சுகமாகவும் இருந்தது,
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
திரும்பி வந்து ரிசீவரில் கேட்டேன்,
"பேசி முடிச்சாச்சா சார்?"
"முடிச்சாச்சும்மா."
வைத்துவிட்டேன்.

காலையில் லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ்.
இரவு பத்துக்கு மேல் அறைவாசிகள் வெளியே வரக்கூடாது,
தவறி விழுந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.
கையெழுத்து வாங்க வந்த செந்தாமரை
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"விழுந்திருந்தா?"
அவள் கேட்டதும் சரிதான்.
போன வருஷம் விழுந்தது பதினாலு.
பதினாலில் இப்போது டயாப்பர் பெட்டிகள் அடுக்கியிருக்கிறது.
போட்டேன் கையெழுத்து, பழைய டியூட்டி ரிஜிஸ்டரில் போடுவதுபோல்,
நேரத்தையும் சேர்த்து.

அன்றைக்கு ராத்திரி முதல் தடவையாகப்
பொத்தானை அமுக்கினேன்.
ஓடி வந்தாள் அமுலு, கொண்டை அவிழ்ந்து,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
"இன்னாம்மா? இன்னா ஆச்சு?"
"ஒண்ணுமில்ல. டெஸ்ட் கால்."
முறைத்துவிட்டுப் போனாள்.

நாற்பது செகண்ட்.
எங்கள் காலத்தில் பத்துக்குள் எடுக்காவிட்டால்
மெமோ வரும்.
ஒற்றைச் செருப்போடு வந்தவளுக்கு
நாற்பது பரவாயில்லை.